பத்தொன்பது நாள்

காடியின் கண்ணாடியில் சாலைவரிச் சீட்டு
வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.
தேதி மட்டும் வெளுக்கவில்லை.

காப்புறுதிக்கென்று மடித்து வைத்த
அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
பள்ளி திறந்த வாரத்தில்
நவிலனின் சப்பாத்தானது, பஸ் பாக்கியானது,
பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடியானது.
பாயான் லெப்பாஸில் சம்பளம் இருபத்தெட்டாம் தேதி.
பத்தொன்பது நாள்தானே என்றேன்.
யாரிடம் சொன்னேன்?
வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினேழாவது நாள்.
இரவு ஷிப்ட் முடிந்து வருகிறேன்.
காலை ஏழு இருபது,
ஜெலுத்தோங் சந்தைக்குச் சற்று முன்னால்.
நான் தூங்கவில்லை.
போலீஸ் நிலையத்திலும் இதைத்தான் சொன்னேன்:
தூங்கவில்லை,
கண் சிமிட்டினேன்.

சிமிட்டித் திறந்தபோது
ஒரு மோட்டார் என் காடிக்கு அடியில் கிடந்தது.
பெட்டி கவிழ்ந்து ரோடெல்லாம் ஐஸ்,
ஐஸ் நடுவே கெம்போங் மீன்கள்.
அவை முன்பே செத்தவை.
மனிதர் அசைந்தார்.
அந்த நிமிடத்துக்கு
அது போதுமாயிருந்தது.

சார்ஜன் அஸ்ரி காகிதம் கேட்டபோது
கையை நீட்டினேன், வெறுங்கையை.
பூசத்துக்குக் கட்டிய மஞ்சள் காப்பு
மணிக்கட்டில் ஈரமாய் இருந்தது.
தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க
இன்னும் நாலு நாள்.
அவர் அதைப் பார்த்தார்,
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு எழுத ஆரம்பித்தார்.

கோர்ட்டில் அபராதம் கட்டினேன்.
லைசென்ஸை ஓராண்டுக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
காடி கழிவுக் கடைக்குப் போனது,
எடைக்கு.
அவ்வளவோடு போயிருந்தால்
அவசரப்பட்டு ஒரு தப்புச் செய்தேன் என்று
மறந்துகூட இருப்பேன்.

வக்கீல் கடிதம் மழைநாளில் வந்தது.
முழங்கால், அறுவை, இரும்பு, ஆறு மாத வியாபாரம்:
பதினேழாயிரத்து நானூறு.
கம்பெனி கட்ட வேண்டிய எண்.
என் பக்கத்தில் கம்பெனி இல்லை.
கல்யாணத்துக்குப் போட்ட காப்பு இரண்டும்
அடகுக்கடைத் தராசில் ஏறி
மூவாயிரமாய் இறங்கின.
மிச்சத்துக்கு மாதம் இருநூறு,
எழுபத்திரண்டு மாதம்.

அவர் பெயர் ஊய் சேங் ஹுவாட்.
பேங்கை நம்பாதவர்.
ஒவ்வொரு ஒன்றாம் தேதியும்
மகளின் மீன்கடை ஓரம், பிளாஸ்டிக் நாற்காலியில்
காலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார்.
நோட்டை இரண்டு தரம் எண்ணுவார்.
குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார்.
சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார்.
திட்டினால் நன்றாயிருக்கும் என்று
சில மாதம் தோன்றும்.

ஒருமுறை நூற்றைம்பதுதான் இருந்தது.
நூற்றைம்பது என்றே எழுதினார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கத்தியால் ஒரு மீனின் செதிலைச் சுரண்டினார்,
நான் போகும்வரை.

இப்போது சாலைவரிச் சீட்டு ஒட்டவே தேவையில்லையாம்.
எல்லாம் போனுக்குள்.
பஸ்ஸுக்கு நிற்கையில் கடந்துபோகும் கண்ணாடிகளைப் பார்க்கிறேன்.
எல்லாம் சுத்தமாய் இருக்கின்றன.
யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை,
வெளியிலிருந்து தெரிவதில்லை.

போன மாதம் புத்தகத்தைப் புரட்டி
அவரே கேட்டார், மலாயில்:
இன்னும் நாற்பத்தொன்பதா?
ஆமாம் அங்கிள்.
எனக்கு அறுபத்தெட்டு, என்றார்.
நீ கட்டி முடிக்கும்வரை நான் சாகக்கூடாது.
செத்தாலும் கவலையில்லை,
புத்தகம் மகளிடம் இருக்கும்.
முதல்முறையாகச் சிரித்தார்,
மேல்பல் இரண்டு இல்லை.

இந்தப் பூசத்துக்கும் காப்புக் கட்டியிருக்கிறேன்.
அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.
யார் பேருக்கு, என்றார் ஐயர்.
பிள்ளைகள் பேரைச் சொன்னேன்.
பிறகு ஊய் சேங் ஹுவாட் என்றேன்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன்.
நட்சத்திரம்?

தெரியவில்லை.
மோட்டார் நம்பர்தான்
மனப்பாடமாய் இருக்கிறது.